தூருக்கடியில் தேங்காயும் மாசியும்

தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும். இலங்கை மலையகத்தில் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை அபூர்வம். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் ஆள் பிடிக்க வந்த கங்காணி இப்படித்தான் ஆசை காட்டினான், நம்ம ஆளுக நம்பி வந்துட்டாங்க என்று வரிசை வீடுகளான லயத்து வாசலில் பெரியவர்கள் சொல்லி வந்த கதை இது. 2023ஆம் ஆண்டு மலையக மக்களின் 200 ஆண்டு வரலாறு நினைவுகூரப்பட்டபோதும் மேடைகளில் இந்த வாக்கியம் ஏறியது.

சற்று நிதானமாகக் கேட்டால் இதற்குள் ஒரு முரண் இருப்பது தெரியும். முதலில் கடல் கடந்தவர்கள் தேயிலைக்காக வரவில்லை. 1820களில் தொடங்கிய அந்த வருகை கோப்பித் தோட்டங்களுக்கானது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தவர்களில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல்தான். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் தென்பட்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து, மலை முழுவதும் தேயிலையானது. ஆகவே அன்றைய கங்காணி தேயிலைத் தூரைக் காட்டி ஆசை சொல்லியிருக்க முடியாது. ‘கோப்பித் தூருக்கடியில’ என்று இந்தக் கதையைச் சொல்கிறவர்களும் உண்டு. செடி மாறியபோது வாக்கியமும் செடியை மாற்றிக்கொண்டது. தூர் மட்டும் அப்படியே இருந்தது.

என் கணிப்பு வேறொன்றும் சொல்கிறது. தென்னை எங்கே காய்க்கும் என்று தெரியாதவர்களா அந்தக் கிராமத்து விவசாயக் கூலிகள்? செடியின் வேரில் தேங்காய் விளையும் என்று ஒரு குடியானவன் நம்பியிருக்க மாட்டான். ‘கண்டிச் சீமையில தேங்காயும் மாசியுமா சாப்பிடலாம்’ என்று கங்காணி சொல்லியிருப்பான். ‘தூரைத் தோண்டினா காசு’ என்றும் சொல்லியிருப்பான். இரண்டும் வாய்மாறி, தலைமுறை மாறி, ஒன்றாகப் பின்னிக்கொண்டன என்று நினைக்கிறேன். தேங்காயும் மாசிக் கருவாடும் சேர்ந்தால் சம்பல். கேழ்வரகுக் கூழுக்கு உப்பும் மிளகாயும் கடித்தவர்களுக்கு அது விருந்து. அந்தச் சாப்பாட்டு ஆசைதான் பின்னால் புதையல் ஆசையாகத் திரிந்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த வாக்கியம் நம் முன்னோரை வெள்ளந்திகளாக்குகிறது. அவர்களை விரட்டியது ஏமாளித்தனம் அல்ல. 1876இல் தொடங்கித் தென்னிந்தியாவை வாட்டிய தாது வருஷப் பஞ்சம், நிலமின்மை, சாதி அடிமைத்தனம், தலைமுறைக் கடன் ஆகியவைதான் அவர்களைக் கடலில் தள்ளின. ஊரில் சாவதா, வழியில் சாவதா என்று கணக்குப் பார்த்துக் கிளம்பியவர்கள் அவர்கள். கதையில் இந்தக் கணக்கு விழுந்துபோய், தேங்காயும் மாசியும் மட்டும் மிஞ்சிவிட்டன.

ஆனால் வாக்கியம் ஒரே பொருளில் நின்றுவிடவில்லை. கோ. நடேசய்யர் 1931இல் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கி, மனைவி மீனாட்சி அம்மாளோடு தோட்டந்தோட்டமாகப் பேச்சும் பாட்டுமாகப் போன காலத்துக்குப் பிறகு, அது ஏமாந்த கதையாக இல்லாமல் ஏமாற்றியவன் மீதான குற்றச்சாட்டாக மாறியது. தோண்டியது நாங்கள், எடுத்துக்கொண்டது கம்பனி என்று அது பேசியது. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலையின் கீழ் புதைந்துபோனவர்களை நினைத்து ஆங்கிலத்தில் எழுதினார். அதற்குப் பிறகு தூருக்கடியில் இருப்பது என்ன என்ற கேள்விக்கே மலையகத்தில் வேறு பதில் வந்துவிட்டது: தோண்டினால் பாட்டன் பூட்டன் எலும்புதான் கிடைக்கும். இன்று ஏஜென்சிக்காரர் லயத்துக்கு வந்து வெளிநாட்டு வீட்டு வேலையின் சம்பளத்தைச் சொல்லும்போது, ‘தேங்காயும் மாசியுமா?’ என்று ஒரு கிழவி கேட்டால் போதும். கூடியிருப்பவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் உள்நாட்டு ஊர்க்காரரிடம் இதைச் சொன்னால், மாசி என்றதும் மாதத்தை நினைத்துக்கொள்வார். கடற்கரைக்காரருக்குத்தான் கருவாடு மனதில் வரும்.

மரபுத்தொடர் இப்படி வளைந்ததென்றால் தனிச்சொற்கள் இன்னும் வேகமாக வளைந்தன. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஆங்கிலத்தில் சொன்னார், கங்காணி அதைத் தமிழில் கேட்டார், லயத்தில் அது வேறாக வாழ்ந்தது. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுக்கும் ‘பரேட்’, பெரட்டு ஆனது. பெரட்டுக்களத்தில் தப்பு அடித்தால் ஆள் கூட வேண்டும். ஒப்பந்த வேலையான ‘கொன்ட்ராக்ட்’, கொந்தரப்பு ஆனது. வெளிக்கள உத்தியோகத்தரான ‘கண்டக்டர்’, ஐயா சேர்ந்து கண்டாக்கையா ஆனார். தேயிலை அரைக்கும் தொழிற்சாலைக்குக் கோப்பிக் காலத்துப் பெயரே நின்றுவிட்டது. இன்றும் அது ‘ஸ்டோர்’தான், ‘இஸ்டோருக்கு வேலைக்குப் போறேன்’ என்றால் கடைக்கு அல்ல.

‘லைன்’ லயன் ஆகி லயம் ஆனது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நண்பர்கள் இந்தச் சொல்லைக் கேட்டதும் குதிரை கட்டும் லாயத்தோடு முடிச்சுப் போடுவார்கள். சொல் அங்கிருந்து பிறக்கவில்லை என்றாலும், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பமே அடைந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அந்த அறைக்குப் பெயர் காம்பரா. போர்த்துக்கேயர் கடலோரத்தில் விட்டுச் சென்ற சொல் மலையேறி வந்திருக்கிறது. லயத்துக்கு அடையாளமே அந்த எண்ணிக்கைதான்: எட்டுக் காம்பரா லயம், பதினாறு காம்பரா லயம்.

சிங்களமும் இந்தக் கலவையில் உண்டு. கொழுந்து நிறுக்கும் கொட்டகையும் பிள்ளைகளை விட்டுப்போகும் கொட்டகையும் மடுவம் எனப்பட்டது சிங்களத்து ‘மடுவ’ வழியாக. தவறணை என்ற சொல்லில் இரண்டு ஆறு கலக்கின்றன. ஐரோப்பியர் வழி வந்த சாராயக் கடையும் தவறணை. சிங்களத்தின் ‘தவான’ வழி வந்த தேயிலைக் கன்று மேடையும் தவறணை. ஒரே தோட்டத்தில் ஒருவர் காலையில் ஒரு தவறணையில் நீர் ஊற்றிவிட்டு மாலையில் இன்னொரு தவறணைக்குப் போகலாம். கேட்பவருக்குக் குழப்பம் வருவதில்லை. ஊர்ப் பெயர்களில் நடந்ததோ எனக்கு மிகப் பிடித்தது. சிங்களத்தில் கொட்டகல என்பதில் ‘கல’ பாறை. தலவாக்கெலே, லபுக்கெலே என்பவற்றில் ‘கெலே’ காடு. தமிழ்க் காது பாறையையும் காட்டையும் ஒன்றாக்கி, கொட்டகலை, தலவாக்கலை, லபுக்கலை என்று மூன்று கலைகளை உண்டாக்கிவிட்டது. ஸ்கொட்லாந்துப் பெயர் தாங்கிய ஹட்டன் அட்டனானது, ஷெனன் செனனானது. புதுமைப்பித்தன் ‘துன்பக் கேணி’யில் காட்டும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் பெயர் வாட்டர் பாலம். அருவி பாலமாகும் அந்தக் காதை அவர் சரியாகப் பிடித்திருந்தார்.

திசை மாறியும் இது நடந்தது. துரைமாருக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கக் கையேடுகள் அச்சாகின. சின்னத்துரைக்கான சட்டைப்பைக் கையேடு ஒன்றின் தலைப்பே ‘இங்கே வா’. 1915இல் வெல்ஸ் என்பவர் எழுதிய புத்தகம் ‘கூலித் தமிழ்’ என்ற பெயரைத் தாங்கியது. வேலைக்குக் கொடுக்கும் ஊதியத்தைக் குறித்த கூலி, ஆளைக் குறிக்கும் வசையாகி, ஒரு மொழிக்கே அடைமொழியானது. வா, போ, வெட்டு, கொண்டா என்று ஏவல் வினைகளாகவே தமிழைப் படித்த இருபது வயது வெள்ளைக்காரன், அறுபது வயதுக் கங்காணியையும் அந்தத் தமிழில்தான் அழைத்தான். அவனுக்கு மரியாதைப் பன்மை தேவைப்படவில்லை. தோட்டத்தாருக்கோ அவன் ‘தொரை’, அவன் மனைவி ‘தொரசாணி’. 1972இலும் 1975இலும் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போயிற்று. வெள்ளைக்காரன் போய் அரை நூற்றாண்டான பின்னும் பங்களாவில் இருப்பவர் துரைதான்.

சில சொற்கள் வளைந்தபோது வலித்தது. ‘ஊர்’ என்றால் முதல் தலைமுறைக்கு இந்தியாவில் விட்டு வந்த கிராமம். லயத்தில் பிறந்த பிள்ளைகளுக்கோ, கண்டிராத அந்த இடம் கதையில் வரும் ஊராகவே இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென்றும், 3 இலட்சம் பேரை இலங்கை ஏற்பதென்றும் பிரித்தது. ‘ஊருக்குப் போறோம்’ என்ற வாக்கியம் அன்று முதல் விடுமுறையின் சொல்லாக இல்லை. அட்டனிலும் நானுஓயாவிலும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலுக்கு மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. பிரிந்து போகிறவர்களும் வழியனுப்புகிறவர்களும் கட்டிக்கொண்டு அழுததால் வந்த பெயர். மு. சிவலிங்கம் அதையே தன் கதைத் தொகுப்புக்குத் தலைப்பாக்கினார். கப்பல் போக்குவரத்து 1984இல் நின்றதோடு அந்தக் கோச்சியும் நின்றது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் ‘கோச்சி’ என்றால் கேரளத்துத் துறைமுகத்தைச் சொல்கிறீர்களா என்பார்கள். அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர்.

இங்கே தங்கியவர்களுக்கோ கள்ளத்தோணி, தோட்டக்காட்டான் என்ற பெயர்கள். பாஸ்போட் இல்லாமல் தோணியேறி வந்த சிலருக்கான முதல் பெயர், நான்கு தலைமுறையாக இங்கே பிறந்து இறந்தவர்கள் அனைவர் மேலும் விழுந்தது. பட்டணத்துப் பள்ளிக்கூடங்களில் இந்த வசையைக் கேட்ட பிள்ளைகள் தம் பேச்சையே மறைத்துக்கொண்டார்கள். ‘மலையகத் தமிழர்’ என்று தம்மைத் தாமே அழைத்துக்கொள்ளத் தொடங்கிய தலைமுறை அந்த மறைப்பை உடைத்தது. அதில் எழுத்தாளர்களுக்குப் பெரிய பங்கு. தெளிவத்தை ஜோசப்பின் கதை மாந்தர் பெரட்டுக்களத்தில் நின்றே பேசினார்கள். சாரல் நாடன் வாய்மொழி இலக்கியத்தை ஆராய்ந்து புத்தகமாக்கினார். இந்தச் சொற்கள் அச்சேறியதால்தான் இன்று அவற்றைப் பற்றி எழுத முடிகிறது.

இப்போதைய நெருக்கடி வேறு. இன்றைய பிள்ளைக்குப் பெரட்டு தெரியாது, மஸ்டர் தெரியும். லயம் என்று வீட்டில் சொல்லி, கட்டுரைக் கொப்பியில் ‘வரிசை வீடு’ என்று எழுதுகிறது. ‘கொந்தரப்பு’ என்று எழுதியதைச் சிவப்பு மையால் வெட்டி ‘ஒப்பந்தம்’ என்று திருத்தும் ஆசிரியர் தீய மனதோடு செய்வதில்லை. பிள்ளை பரீட்சையில் தப்ப வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் ஒப்பந்தம் என்றால் இரண்டு பக்கம் உட்கார்ந்து கையெழுத்திடுவது. கொந்தரப்பு என்றால் இவ்வளவு மரம் கவ்வாத்து வெட்டு, இவ்வளவு புல் வெட்டு, முடித்தால் காசு. ஒன்று மற்றொன்றின் பிழை வடிவம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஓரத்தில் நல்ல தமிழை எழுதிக்கொடுத்து, பிள்ளையின் சொல்லையும் வெட்டாமல் விடலாமே.

எல்லாச் சொற்களிலும் மிக ஆழமாக வளைந்தது ‘பேர்’. தமிழ் பேசும் வேறெங்கும் பேர் எடுப்பது புகழ், பேர் கெடுவது இழுக்கு, பேர் சொல்லும் பிள்ளை குலப்பெருமை. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாட்சம்பளம். கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் ஒருவரின் பெயருக்கு நேரே அன்றைய வேலை குறிக்கப்பட்டால் ‘பேர் விழுந்தது’. இந்த மாதம் 20 பேர் விழுந்திருக்கு என்றால் 20 நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் ‘அரைப்பேர்’. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் 18 கிலோ, 20 கிலோ என்ற அளவை எட்டாத பெண்ணுக்கு, நாள் முழுக்க மலையில் நின்றாலும் பாதிச் சம்பளம்தான். வேலையிலிருந்து நிறுத்தினால் ‘பேர் வெட்டியாச்சு’. லயத்துக் காம்பரா வேலையோடு கட்டப்பட்டிருந்ததால், பேர் வெட்டுவது கூரையையும் சேர்த்து அசைக்கும் காரியம். ‘பேர் பதிஞ்ச ஆள்’ என்பவருக்கு இருந்த மதிப்பு அதனால் வந்தது.

வெளியூரிலிருந்து வரும் ஆசிரியை, பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா ஏன் வரவில்லை என்று கேட்பார். ‘வந்தா பேர் போயிரும் டீச்சர்’ என்று பிள்ளை சொல்லும். பள்ளிக்கு வருவதில் என்ன மானக்கேடு என்று ஆசிரியை மனம் நோவார். பிள்ளை சொன்னது மானத்தை அல்ல, அன்றைய கூலியை. ஒரே தமிழில் இருவரும் பேசி, இருவரும் வேறு கேட்டுப் பிரிவார்கள். பாதி கூட்டிவிட்டு விளக்குமாற்றைப் போடும் மகளிடம் ‘ஒனக்கு அரைப்பேர்தான்டி’ என்று தாய் சொல்லும் வீடுகளில் இந்தச் சொல் வேலைத்தலத்திலிருந்து அடுப்பங்கரைக்கும் வந்துவிட்டது. இன்னொன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: பேர் பெண்ணுடையதாக இருந்தாலும் சம்பள நாளில் கை நீட்டிக் காசை வாங்கியது பெரும்பாலும் புருஷன். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்ததே 1984இல்தான்.

இந்தச் சொல் இப்போது காலியாகி வருகிறது. நாட்சம்பளத்துக்கான இழுபறி 1,000 ரூபாவுக்குப் பல ஆண்டுகள் நடந்து 2021இல் முடிந்து, 2024இல் 1,350 ரூபா ஆனது. அதே காலத்தில் கம்பனிகள் வேறு வழியும் எடுத்தன. தேயிலை மலையைத் துண்டு துண்டாகக் குடும்பங்களிடம் ஒப்படைத்து, பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு கொடுக்கும் முறை அது. அதில் பெரட்டு இல்லை, செக்ரோல் இல்லை, ஆகையால் பேரும் இல்லை. ‘இன்னிக்கு எத்தன பேரு?’ என்று கேட்ட இடத்தில் ‘எத்தன கிலோ?’ என்று கேட்கிறார்கள். பேருக்குப் போவதா, கிலோவுக்குப் போவதா என்று குடும்பத்துக்குள் வாக்குவாதம் நடக்கிறது. பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்கு இறங்கிவிட்ட வீடுகளில், கிலோவுக்குப் போனால் நேரத்துக்குக் கட்டுப்பட வேண்டாம், மழையில் பெரட்டுக்கு ஓட வேண்டாம் என்று மருமகள் சொல்வாள். நாற்பது வருடம் பேர் போட்ட மாமியார் சேமலாப நிதியைக் கணக்குப் பார்ப்பவர். ‘பேர் விழுந்தா ஈ.பி.எஃப். விழும், ஈ.டி.எஃப். விழும். கிலோவுக்கு என்னா விழும், சொல்லு பாப்போம்’ என்று அவர் கேட்கிறார்.